கேட்பாரற்ற எண்கள்

விண்டோஸ் சர்வர் ஒன்றில் கறுப்புத் திரையைத் திறந்து ‘மவுண்ட்வால்’ என்று தட்டினால், அந்த இயந்திரம் தனக்குத் தெரிந்த வால்யூம்களை வரிசையாகச் சொல்லும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டுதான். ‘சி’யில் விண்டோஸ். ‘டி’யில் கணக்குவழக்கு, ஸ்கேன் செய்த ரசீதுகள், பத்து வருடத்து ஒப்பந்தங்கள். திரையிலோ ஆறு ஏழு வரும். ஒவ்வொன்றும் 32 இலக்கம்: எட்டு, கோடு, நான்கு, கோடு, நான்கு, கோடு, நான்கு, கோடு, பன்னிரண்டு. சிலவற்றின் கீழே, நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில், ‘மவுண்ட் பாயின்ட் எதுவும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு முதலில் எழும் கேள்வி, “இதெல்லாம் யாரு?” அடுத்தது, “அழிச்சிடலாமா?” இடம் போதவில்லை என்று மேலிருந்து நெருக்கும்போது முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் முன்பே இரண்டாவதற்குக் கை போய்விடும். அந்த ஏழு வரிகளில் ஒன்று, சர்வர் எழுந்திருப்பதற்கே தேவையான பகுதியாக இருக்கலாம். இன்னொன்று, நேற்றைய கோப்புகளை மீட்க இருக்கும் ஒரே நகலாக இருக்கலாம். மூன்றாவது, எட்டு வருடம் முன்பு யாரோ செருகிய பென் டிரைவின் வெறும் நினைவாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் இப்படி வாய்மூடி நிற்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

*

‘வால்யூம்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சுருள் என்று பொருள். சுருட்டி வைத்த ஏடு. அச்சுப் புத்தகம் வந்ததும் சுருள் போய் தொகுதி ஆனது. பிறகு காந்த நாடா வந்தது. மறுபடி சுருள்! 1960களில் ஐபிஎம் 360 இயந்திரங்களின் காலத்தில் ஒவ்வொரு நாடாச் சுருளின் தொடக்கத்திலும் 80 எழுத்து நீளத்தில் ஒரு முகப்பு எழுதப்பட்டது. அது ‘வி-ஓ-எல்-1’ என்று தொடங்கும். அடுத்து வருவது ஆறு எழுத்து வால்யூம் எண். வேலை ஒன்றுக்கு நாடா தேவைப்பட்டால், இன்ன எண்ணுள்ள சுருளை மாட்டு என்று இயந்திரம் கேட்கும். ஆள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்துவந்து மாட்டுவார். ‘மவுண்ட்’ என்ற சொல் இந்த உடலுழைப்பிலிருந்து வந்ததுதான். இயந்திரம் முகப்பைப் படித்துப் பார்க்கும். எண் பொருந்தாவிட்டால் வேலையைத் தொடங்காது.

இங்கே ஒரே எண் மூன்று இடங்களில் இருந்தது. நாடாவின் உள்ளே, சுருளின் மேல் ஒட்டிய சீட்டில், நாடாக் காப்பாளரின் பதிவேட்டில். யாருடைய நாடா, எப்போது எழுதியது, எதுவரை வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பதிவேட்டில் இருந்தது. எண் வெறும் சுட்டுவிரல். அது காட்டிய இடத்தில் ஒரு மனிதரின் கையெழுத்து இருந்தது.

வன்தட்டு வந்ததும் வால்யூம் பொருளாக இருப்பதை நிறுத்திவிட்டது. ஒரு தட்டை நான்காகப் பிரித்து நான்கு வால்யூம் ஆக்கலாம். நான்கு தட்டுகளில் சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒரே வால்யூம் ஆக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஒன்றையொன்று தொடாத நான்கு நிலங்கள் சேர்ந்தது ஒரே யூனியன் பிரதேசம். புதுச்சேரி மாவட்டமே ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பிள்ளைச்சாவடியிலிருந்து நகரத்துக்குப் பஸ் ஏறினால் நடுவில் தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிவது வயலும் கடையும் மதுக்கடை போர்டும். இது எந்த அரசு என்பதைச் சொல்வது மண்ணல்ல, எங்கோ இருக்கும் ஒரு கோப்பு. அஞ்சல் எண்ணுக்கு அந்தக் கோப்பும் பொருட்டில்லை. பிள்ளைச்சாவடி 605014, தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம் 605104. எல்லைக்கு இரண்டு பக்கமும் 605தான்.

வால்யூமும் அப்படித்தான். அது தட்டில் இல்லை, தட்டைப் பற்றிய கணக்கில் இருக்கிறது. கணக்கில் இருப்பதற்கு ஒரு பெயர் வேண்டும்.

*

முதல் பெயர் ஓர் எழுத்து. 1960களின் ஐபிஎம் சிஎம்எஸ்ஸில் தொடங்கி, கேரி கில்டாலின் சிபி/எம் வழியாக, 1981இல் ஐபிஎம் பிசியின் டாஸுக்கு வந்தது டிரைவ் எழுத்து. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு. 1983இல் 10 எம்பி வன்தட்டோடு வந்த பிசி எக்ஸ்டியில் அடுத்த எழுத்து வன்தட்டுக்குப் போனது. ஃப்ளாப்பி செத்து இத்தனை வருடமாகியும் விண்டோஸ் ‘சி’யிலிருந்தே எண்ணுகிறது.

எழுத்து என்பது இடத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. ‘ஏ’ என்றால் முதல் ஃப்ளாப்பி வாசல். உள்ளே எந்த ஃப்ளாப்பி இருக்கிறது என்பது வேறு விஷயம். பாதி எழுதும்போது யாராவது ஃப்ளாப்பியை மாற்றிவிட்டால், ஒன்றின் அட்டவணை இன்னொன்றின் மேல் ஏறி இரண்டுமே நாசமாகும். அதைக் கண்டுபிடிக்க 1988இல் டாஸ் 4.0 ஒவ்வொரு தட்டுக்கும் 32 பிட் சீரியல் எண் கொடுத்தது. பள்ளிக்கூடக் கணினி அறையில் ‘டிர்’ என்று தட்டியவர்களுக்கு, நான்கு இலக்கம், கோடு, நான்கு இலக்கம் என்று வந்த அந்த வரி ஞாபகம் இருக்கும். அந்த எண் எங்கும் வாங்கியதல்ல. ஃபார்மட் செய்த கணத்தின் தேதியையும் நேரத்தையும் கூட்டிச் செய்தது. மறைமுகமான பிறப்புச் சான்றிதழ். தடயவியல்காரர்கள் பின்னால் இதையே பிடித்துக்கொண்டு, ஒரு தட்டு ஃபார்மட் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் நேரம் உண்மையா என்று சரிபார்த்தார்கள்.

32 பிட் என்றால் சுமார் 429 கோடி எண்கள். ஒரு மேசைக்குப் போதும். உலகத்துக்குப் போதாது.

உலகத்துக்கான விடை அமெரிக்காவின் மசாசுசெட்ஸிலிருந்து வந்தது. 1980இல் தொடங்கிய அப்போலோ கம்ப்யூட்டர் நிறுவனம், வலையில் இணைந்த எல்லா இயந்திரங்களின் கோப்புகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுபோல ஓர் அமைப்பைக் கட்டியது. யாரிடமும் அனுமதி கேட்காமல், மத்தியப் பதிவகம் இல்லாமல், ஒவ்வோர் இயந்திரமும் தானே எண் உருவாக்க வேண்டும்; இரண்டு எண்கள் மோதவும் கூடாது. அவர்கள் கண்ட வழி எளிது. எந்த இயந்திரம், எந்த நேரம் என்ற இரண்டையும் சேர்த்து எழுது. ஒரே இயந்திரத்தில் ஒரே நொடித்துகள் இரண்டு தடவை வராது. 64 பிட்டில் தொடங்கியது பிறகு 128 பிட் ஆனது. 1989இல் அப்போலோவை எச்பி வாங்கிவிட்டது, எண் மட்டும் பிழைத்தது. அப்போலோவில் இருந்த பால் லீச் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கே அதற்கு ஜியுஐடி என்று பெயர். பொது உலகில் யூயூஐடி. 2005இல் வந்த ஆர்எஃப்சி 4122 என்ற தர ஆவணத்தை எழுதிய மூவரில் லீச்சும் ஒருவர்.

அதில் நேரத்தை எண்ணும் விதம் விசித்திரமானது. ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, 1582 அக்டோபர் 15 நள்ளிரவிலிருந்து எண்ணுவார்கள். போப் பதிமூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15 ஆனது. இன்றைய நாட்காட்டியின் முதல் நாள் அதுதான். ஒரு கம்பெனியின் கணக்கு வைக்கும் சர்வருக்குள் இந்தத் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இப்படிச் செய்த எண்ணைப் பிரித்தும் படிக்கலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டைத் தேடுவதுபோல.

புதிய கணினிகளில் எல்லாம் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று சிறிய பகுதி ஒன்று இருக்கும். இயந்திரம் எழும்போது முதலில் தேடுவது அதைத்தான். அந்த வகைக்கென்று ஓர் எண் நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலும் என்னுடையதிலும் அதே எண்தான். அதிலுள்ள நேரப் பகுதியைப் பிரித்துக் கணக்குப் போட்டால் 1999 ஏப்ரல் 21 வருகிறது. கிரீன்விச் நேரப்படி இரவு 7 மணி கழிந்து சில நிமிடங்கள். கடைசிப் பன்னிரண்டு இலக்கம், எண்ணை உருவாக்கிய கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரி. அதன் முதல் பாதி இன்டெல் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆக, இன்டெல் கார்டு போட்ட ஒரு கணினியில் யாரோ ஒருவர் ஒரு புதன்கிழமை செய்த எண், இன்று பெரும்பாலான கணினிகளின் வாசலில் நிற்கிறது. செய்தவர் பெயர் எண்ணில் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இயந்திரத்தின் பெயர் இருக்கிறது.

சிரிப்பும் உண்டு. பழைய பயாஸ் முறையில் எழும் கணினிகளுக்காக க்ரப் என்ற துவக்க மென்பொருள் வைத்துக்கொள்ளும் பகுதிக்கும் ஒரு வகை எண் இருக்கிறது. அதன் 16 பைட்டுகளை எழுத்தாக மாற்றினால் ‘ஹா! ஐ டோன்ட் நீட் இஎஃப்ஐ’ என்று வரும். இஎஃப்ஐ எனக்கு எதுக்குங்கிற நக்கல், காலாகாலத்துக்கும் தட்டுகளில் பதிந்துபோய்விட்டது.

ஆனால் எண் பேசுவது எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கவில்லை. 1999 மார்ச் 26இல் மெலிஸா என்ற வைரஸ் வேர்டு கோப்பு வழியாக மின்னஞ்சல்களில் பரவியது. அன்றைய வேர்டு கோப்புகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஜியுஐடி இருந்தது. அதற்குள் எழுதியவரின் நெட்வொர்க் கார்டு முகவரி. அதே மாதத்தில்தான் இது பொதுவெளியில் பேசப்பட்டு மைக்ரோசாஃப்ட் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மெலிஸாவின் மூலத்தைத் தேடியவர்கள் அந்த எண்ணையும் ஒரு தடயமாகப் பின்தொடர்ந்தார்கள். குற்றவாளியைத் தேட உதவும் அதே எண், பெயர் சொல்லாமல் ஊழலை அம்பலப்படுத்த நினைக்கும் ஊழியரையும் காட்டிக்கொடுக்கும். எண்ணுக்கு இருவருக்குமான வித்தியாசம் தெரியாது.

அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 2000இல் வழக்கமாக எண் உருவாக்கும் முறை மாற்றப்பட்டது. நேரமும் இல்லை, கார்டு முகவரியும் இல்லை. ஏறக்குறைய எல்லா பிட்டும் குலுக்கல். மொத்தச் சாத்தியங்கள் எத்தனை என்றால், 128 பிட்டுக்கு 340க்குப் பின்னால் 36 பூஜ்ஜியங்கள் வரும். பதிப்பைக் குறிக்கும் சில பிட்டுகளைக் கழித்தாலும் மோதல் பயம் இல்லை. எண் ஊமையானது. ஊமையாக்கியது சரியான முடிவு. ஆனால் அதோடு எண்ணுக்குள் தற்செயலாக ஒளிந்திருந்த வரலாறும் போய்விட்டது.

*

வாய்பேசாத அடையாளம் ஒருவருக்கு விடுதலையாகவும் இருக்கலாம். அப்போது அதைத் தாங்க ஒரு பதிவேடு வேண்டும். இந்தக் கணக்கைப் புதுச்சேரி நூறு வருடம் முன்பே மனிதர்களை வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறது.

1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர்கள், பிறப்பால் வந்த சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். கூடவே ஒரு நிபந்தனை: வழிவழியாகத் தொடரும் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும். இவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இதில் மிகுதி. இயக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் ‘லாபோர்த்’. பிரெஞ்சில் கதவு என்று பொருள்.

நம் வழக்கத்தில் பெயர் நிறையப் பேசும். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, சில சமயம் ஊர், பின்னால் சாதி. நேரமும் கார்டு முகவரியும் சுமந்த பழைய ஜியுஐடி மாதிரி, பிரித்துப் பார்த்தால் எங்கே பிறந்தார் என்று தெரிந்துவிடும். ‘லாபோர்த்’ என்பதில் அது எதுவும் இல்லை. தெரியக்கூடாது என்பதில்தான் அதன் மதிப்பு. ஆனால் பெயர் வாயை மூடிக்கொண்டதும் எல்லாப் பாரமும் ஆவணத்தின் தலையில் ஏறியது. யார் எந்தத் தேதியில் எந்தப் பெயரை எடுத்தார் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தக் கதவு எந்த வீட்டினுடையது?

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் எத்தனையோ குடும்பங்களில், தாத்தாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டது என்பதுதான் பேரன் எந்த நாட்டுக்காரன் என்பதையே முடிவுசெய்தது. எண்ணோ பெயரோ அல்ல, அதன் எதிரில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதிவைத்த வரி.

*

இப்போது சர்வரின் ஏழு வரிகளைப் படிக்கலாம். அங்கே எதிரில் எழுதிவைத்த வரி இல்லை. ஆகவே எண்ணின் வடிவத்திலிருந்தும் சூழ்நிலையிலிருந்தும்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அளவு. எழுத்தில்லாத வால்யூம் 100 எம்பிதான் இருந்தால், சர்வர் 2008 ஆர்2 காலத்திலிருந்து விண்டோஸ் நிறுவும்போதே ஒதுக்கிக்கொள்ளும் துவக்கப் பகுதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணில் படக்கூடாது என்றுதான் எழுத்துக் கொடுக்கவில்லை. அதை அழித்தால் சர்வர் அந்த நிமிடமே விழாது. அடுத்த தடவை ரீஸ்டார்ட் செய்யும்போது எழுந்திருக்காது. மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சர்வரில், செய்த தவறும் கிடைத்த தண்டனையும் அவ்வளவு தள்ளி நிற்கும்.

இரண்டாவது, எண்ணின் உருவம். பழைய பார்ட்டிஷன் முறையில் உள்ள தட்டுகளுக்குப் புதிய விண்டோஸ்கள் குலுக்கல் எண் தருவதில்லை. முதல் எட்டு இலக்கம் தட்டின் கையொப்பம். அது முதல் செக்டாரின் 440ஆவது பைட்டில் எழுதியிருக்கும். நடுவில் எல்லாம் பூஜ்ஜியம். கடைசித் தொகுதி, பகுதி தொடங்கும் இடம். அது 1க்குப் பின் பதினோரு பூஜ்ஜியமாக இருந்தால், தட்டின் முதல் எம்பி முடிந்த இடத்தில் தொடங்கும் பகுதி என்று அர்த்தம். எண்ணே விலாசம் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, வால். பழைய சர்வர்களில் பல வால்யூம்களின் எண் 80, 6இ, 6எஃப், 6இ, 69, 63 என்று முடியும். முதலாவது, இது உண்மையான கார்டு முகவரி அல்ல என்று காட்டும் குறி. மீதி ஐந்தையும் எழுத்தாக மாற்றினால் என், ஓ, என், ஐ, சி. ‘நோ நிக்’. நெட்வொர்க் கார்டு இல்லை. விண்டோஸ் கண்விழிக்கும் ஆரம்ப நொடிகளில், கார்டு இருப்பதே இன்னும் தெரியாத வேளையில் பிறந்த எண்கள் இவை. அப்பா பெயர் கேட்ட இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியதுபோல. அதனால்தான் சம்பந்தமே இல்லாத இரண்டு அலுவலகங்களின் சர்வர்களிலும் இதே வால் தென்படுகிறது. வைரஸ் என்று பயப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, நிழல்கள். சர்வர் 2003 முதல், பகிர்ந்த கோப்புறைகளின் பழைய நிலையை விண்டோஸ் நிழல் நகலாகப் பிடித்துவைக்கும். இயக்கிவிட்டு வேறெதுவும் மாற்றாவிட்டால் வேலைநாள்களில் காலை 7 மணிக்கும் நண்பகலுக்கும். ஒரு வால்யூமுக்கு அதிகபட்சம் 64. பேக்கப் மென்பொருளும் இரவில் ஒரு நிழலைப் பிடித்து, கொஞ்ச நேரம் வால்யூமாக மாட்டி, நகலெடுத்துவிட்டுக் கழற்றிவிடும். இரவு 2 மணிப் பதிவில் வந்த எண் காலையில் பட்டியலில் இல்லை என்றால் பெரும்பாலும் விஷயம் இதுதான். ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் அழிப்பவற்றில் இந்த நிழல்களும் உண்டு. இடம் போதவில்லை என்று நாமே அழித்தால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

ஐந்தாவது, ஆவிகள். ஒரு முறை செருகிய பென் டிரைவையும் வெளித்தட்டையும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்துக்கொள்ளும், தானாக அழிக்காது. செத்தவர்கள் பெயர் நீக்காத வாக்காளர் பட்டியல். ‘மவுண்ட்வால் /ஆர்’ என்ற கட்டளை, இல்லாத வால்யூம்களின் எழுத்துகளையும் நினைவுகளையும் துடைத்துவிடும். தரவு எதையும் தொடாது. ஆனால் எந்த வெளித்தட்டு இந்த சர்வரில் செருகப்பட்டது என்று நாளை யாராவது விசாரிக்க வந்தால் அதற்கான சாட்சி அந்தப் பட்டியல்தான். விசாரணை வரும் என்று தோன்றினால் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, இரட்டையர். தட்டை அப்படியே நகலெடுத்தால் கையொப்பமும் சேர்ந்து நகலாகிறது. ஒரே கையொப்பத்தோடு இரண்டு தட்டுகள் வந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும். லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை மாட்டவே மறுக்கும். 340க்குப் பின்னால் 36 பூஜ்ஜியம் இருந்து என்ன பயன்? குலுக்கலில் மோதாத எண் நகலெடுப்பதில் மோதுகிறது. மெய்நிகர் இயந்திரங்களைப் பத்து பத்தாக நகலெடுக்கும் இந்தக் காலத்தில் இது வழக்கமான தலைவலி.

*

2024 மே மாதம் யூயூஐடிக்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 9562 என்று புதுப்பிக்கப்பட்டது. அதில் ஏழாம் பதிப்பு என்று ஒன்று வந்திருக்கிறது. முன்பகுதியில் மில்லிநொடி வரை நேரம், மீதியெல்லாம் குலுக்கல். நேரம் திரும்பி வந்துவிட்டது, இயந்திரத்தின் முகவரி வரவில்லை. எப்போது பிறந்தேன் என்று சொல்வேன், யார் பெற்றது என்று சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வருட யோசனைக்குப் பிறகு எட்டிய சமரசம் இது. மோசமில்லை.

ஆனாலும் ‘ஏன்’ என்பதை எந்தப் பதிப்பும் சொல்லாது. சொல்லவும் முடியாது. பிள்ளைச்சாவடியில் இருந்த பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. கட்டடங்கள் அதே இடத்தில், அஞ்சல் எண் அதே 605014. பழைய பெயரில் பட்டம் வைத்திருப்பவரிடம் இது எந்தக் கல்லூரி என்று கேட்டால், 605014 என்ற எண் அவருக்கு உதவாது. பெயர் எப்போது, எதனால் மாறியது என்று எங்கோ எழுதியிருப்பதுதான் உதவும்.

சர்வரிலும் அதைச் செய்ய வழி இருக்கிறது, செலவும் இல்லை. என்டிஎஃப்எஸ் வால்யூம் ஒன்றுக்கு 32 எழுத்து வரை பெயர் வைக்கலாம். யூனிகோட்தான், தமிழிலும் வைக்கலாம். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேரும் என்பதால் கொஞ்சம் சிக்கனமாக எழுத வேண்டும். ‘பழைய கணக்கு 2014’ என்றால் தாராளமாக அடங்கும். அதோடு ஒரு கோப்பு: இந்த எண், இந்தத் தட்டு, இன்ன தேதியில் மாட்டியது, இன்ன காரணம், அழிக்கும் முன் கேட்க வேண்டியவர் இன்னார். அந்தக் கோப்பைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளாமல் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நாடாக் காப்பாளரின் பதிவேடு நாடாவுக்குள் இருந்ததில்லை.